ஐம்பத்து நாலும் முப்பத்தெட்டும்

நெய்வளக்குறிச்சிப் பேரூராட்சி ஆபீஸ் சுவரில் வெள்ளிக்கிழமை காலை ஒரு தாளை ஒட்டினார்கள். பசை காய்வதற்குள் வீரமுத்து அதன் முன்னால் போய் நின்றுவிட்டான்.

தாளில் இரண்டு பத்தி. ஒன்றின் தலையில் 'மதிப்பீடு' என்று இருந்தது. இன்னொன்றின் தலையில் 'உண்மை வரவு'. இந்த வருஷம் இவ்வளவு வரும் என்று போன வருஷமே எழுதி வைத்தது முதல் பத்தி. நிஜமாக வந்து சேர்ந்தது இரண்டாவது. சந்தை ஏலம், கடை வாடகை, குடிநீர்க் கட்டணம் எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றன. வீட்டு வரியில்தான் பெரிய பள்ளம். ஐம்பத்து நாலு லட்சம் என்று எழுதியிருந்தார்கள். வந்தது முப்பத்தெட்டு.

வீரமுத்து ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெரம்பலூர் - அரியலூர் ரோட்டில் இருக்கும் அந்த ஊருக்குப் பத்தொன்பது வருஷமாக மோட்டார் போட்டு, தொட்டி நிரப்பி, தெருத் தெருவாக வால்வு திறந்து விடுகிறவன். தினக்கூலிதான். மாசத்துக்குப் பன்னிரண்டாயிரத்து ஐநூறு வரும். எழுத்து அவனுக்கு மெதுவாகத்தான் ஓடும், எண் ஓடும். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது, தொட்டியில் எத்தனை அடி ஏறியது என்று தினமும் நோட்டில் குறிக்க வேண்டும். மூன்று மணி நேரம் ஓடினால் ஒன்பது அடி ஏறணும். ஆறு அடிதான் ஏறியிருக்கிறது என்றால் அவன் மோட்டாரைத் திட்டமாட்டான், வெயிலைத் திட்டமாட்டான். சைக்கிளை எடுத்துக்கொண்டு பைப்பு போன வழியே போவான். எங்கேயாவது ஈரம் தெரியும்.

இங்கே பதினாறு லட்சம் ஏறவில்லை. ஈரம் எங்கே என்றுதான் தெரியவில்லை.

பத்து மணிக்குச் செயல் அலுவலர் சுரேஷ்குமார் நாலு பேரை உள்ளே கூப்பிட்டார். வீரமுத்து, துப்புரவு வேலைக்கு வந்து இரண்டே வருஷமான பூமாலை, இன்னும் இரண்டு பேர். சுரேஷ்குமார் இந்த ஊருக்கு வந்து ஐந்து மாசம்தான் ஆகிறது. கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் தணிக்கை என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு முகம் வெளுத்துவிடும்.

"சம்பளத்துக்குப் போற பணம் வருமானத்துல பாதிக்கு மேல இருக்கக் கூடாதுன்னு தணிக்கையில எழுதிட்டாங்க. ஐம்பத்து நாலு வரும்னு நம்பி ஆளு வச்சிருக்கோம். வந்தது முப்பத்தெட்டு. எட்டாவது சர்டிபிகேட் இல்லாதவங்க நீங்க நாலு பேரு. ஏப்ரல் ஒண்ணுலேர்ந்து வர வேணாம். திங்கக்கிழமை பதினோரு மணிக்கு மன்றக் கூட்டத்துல தீர்மானம் வைக்கிறேன்."

"பேங்குல பணமே இல்லீங்களா சார்?" என்று கேட்டான் பூமாலை.

"இருக்கு. ஆனா அது வைப்புத் தொகை. ஜனங்க பணம் நம்மகிட்ட நிக்குது, அவ்வளவுதான். அது வருமானம் ஆகாது."

அப்படிச் சொல்லிவிட்டு வீரமுத்துவிடம் ஒரு பட்டியலை நீட்டினார். மூன்று வருஷமாக வரி கட்டாத வீடுகளில் முதல் அறுபது. எல்லாம் பள்ளிவாசல் தெரு. "திங்கக்கிழமைக்குள்ள அறுபது கனெக்ஷனையும் கட் பண்ணு. அடிச்சுப் பிடிச்சுக் கட்டுவாங்க. கணிசமா வந்துச்சுன்னா உங்க விஷயத்த யோசிக்கலாம்."

வெளியே வந்ததும் பூமாலை பீடியைப் பற்ற வைத்தான். "பாத்தியாண்ணே. நம்ம கழுத்துக்குக் கத்திய எடுத்து, நம்மகிட்டயே சாணை புடிக்கக் குடுக்குறான்."

வீரமுத்து பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். மகள் கவியா பெரம்பலூரில் நர்சிங் இரண்டாம் வருஷம். பெண்டாட்டி மலர்கொடி சின்ன வெங்காயம் உரிக்கப் போய்க் கொண்டு வருவது அரிசிக்கும் பருப்புக்கும் சரியாகப் போகும். அன்றைக்கு ராத்திரி அவள் கேட்டதற்கு, "திங்கக்கிழமை தெரியும்" என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை காலை ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் தெருவுக்குப் போனான். நோன்பு மாசம். தெருவே அடங்கிக் கிடந்தது. பெரிய பெரிய மாடி வீடுகள். பாதி பூட்டியிருக்கும், மீதியில் பெண்கள் மட்டும் இருப்பார்கள். ஆண்கள் துபாயிலும் குவைத்திலும். பட்டியலில் முதல் பெயர் இலியாஸ். அவர் மனைவி குல்சும் கேட்டைத் திறந்தாள்.

"என்னண்ணே, நோன்பும் அதுவுமா ஸ்பேனரோட வந்து நிக்கிறீங்க. எங்க குழாய் ஒழுகலயே."

"ஒழுகல தங்கச்சி. கட் பண்ணச் சொல்லிருக்காங்க. மூணு வருஷ வரி பாக்கியாம்."

குல்சும் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு, நாங்க பாக்கியா? நில்லுங்க அப்படியே. கைய வச்சுறாதீங்க."

உள்ளே போனவள் ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். பாஸ்போர்ட் நகல், நிலப் பத்திரம், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஒரு ரசீதை உருவி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஏழாயிரத்து இருநூறு ரூபாய். மூன்று வருஷத்துக்கும் சேர்த்து. 2022 மார்ச் தேதி போட்டிருந்தது. கீழே அ. அன்பழகன் என்று கையெழுத்து.

"அவுக சபருக்குக் கெளம்புன அன்னிக்குக் கட்டுனது. பொட்டியெல்லாம் கார்ல ஏத்தியாச்சு, நான் அழுதுட்டு நிக்கிறேன், அவுக பஞ்சாயத்து ஆபீசுக்குப் போயிட்டாக. வரி கட்டிட்டு வந்துதான் எங்கிட்ட போயிட்டு வரேன்னே சொன்னாக. நோட்டீசு ரெண்டு தடவ வந்துச்சு. ரெண்டு தடவயும் இதக் கொண்டு போயிக் காட்டுனேன். பாக்குறோம்னாக. பாத்தாகளா?"

சபர் என்றால் அவர்கள் பேச்சில் பயணம். பயணம் கிளம்புகிறவன் ஊரில் பாக்கி வைத்துவிட்டுப் போகமாட்டான். டீக்கடைக் கணக்கு, மளிகைக் கணக்கு, கைமாற்று, எல்லாம் தீர்த்துவிட்டுத்தான் வண்டி ஏறுவான். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ திரும்ப மாட்டோம் என்று அந்த வருஷங்களின் வீட்டு வரியையும் முன்கூட்டியே கட்டிவிடுவான். ஊருக்கே தெரிந்த வழக்கம் இது. அந்தத் தாளில் இருந்த இரண்டு பத்திக்கு மட்டும் தெரியவில்லை.

வீரமுத்து ரசீதை போனில் போட்டோ எடுத்துக்கொண்டான். ஸ்பேனர் பைக்குள்ளேயே இருந்தது. அடுத்த வீட்டுக்குப் போனான். அங்கேயும் ரசீது. அதற்கடுத்த வீட்டிலும். சாயங்காலத்துக்குள் அறுபதில் நாற்பத்தாறு வீடு ஏறி இறங்கிவிட்டான். முப்பத்தொன்பது வீட்டில் ரசீது. ஐந்து வீடு பூட்டு. நிஜமாகவே கட்டாதவர்கள் இரண்டே பேர். அவர்களும் பெருநாள் கழித்துக் கட்டுகிறோம் என்றார்கள். எல்லா ரசீதிலும் தலைப்பு ஒன்றுதான்: 'முன்பணம்'.

நோன்பு திறக்கிற நேரத்தில் குல்சும் ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சி கொடுத்தாள். "ஊரு தண்ணிக்கே காவல் நீங்க. பட்டினியா அலையாதீங்க." இரண்டு வாய் குடித்திருப்பான், சுரேஷ்குமாரிடமிருந்து போன்.

"எத்தன கட் ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். எல்லாரும் கட்டிருக்காங்க. ரசீது வச்சிருக்காங்க."

"கம்ப்யூட்டர்ல பாக்கின்னு இருக்கு."

"கம்ப்யூட்டர் சொல்லுது சார். ஆனா ரசீது..."

"நீ தொட்டி பாக்குற ஆளு. வூடு வூடாப் போயி ரசீது கேக்க உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா? ஏதாச்சும் வசூல் பண்ணியான்னு நாளைக்கு எவனாவது புகார் எழுதுனா நான்தான் பதில் சொல்லணும். திங்கக்கிழமை காலையில அறுபதும் கட் ஆகியிருக்கணும். இல்லன்னா அந்த நாலு பேருல மொத பேரு உன்னோடது."

போன் அணைந்தது. கஞ்சி ஆறிப் போயிருந்தது. குடித்து முடித்துச் சட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை அரியலூர் பஸ் ஏறினான். ரசீதில் கையெழுத்துப் போட்ட அன்பழகன் முன்னே பேரூராட்சியில் வரி வசூலிக்கும் பில் கலெக்டராக இருந்தவர். ரிடையர் ஆகி அரியலூரில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு கட்டியிருந்தார். வழி நெடுக சுண்ணாம்புக்கல் லாரிகள். ரோட்டோரத்து வேப்பமர இலை எல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தது. பஸ் ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் ஊர்ந்தது. வீரமுத்து மணியைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக வந்தான்.

அன்பழகன் வாசலிலேயே நிறுத்திவிட்டார். ரசீதுப் போட்டோக்களைப் பார்த்தவுடன் அவர் குரல் உயர்ந்தது.

"நான் ஒரு ரூவா திங்கலப்பா. எவன் சொல்லி அனுப்புனான் உன்ன?"

"தின்னீங்கன்னு யாரு சார் சொன்னா. கட்டுன பணம் வருமானத்துல வரல. எங்க போச்சுன்னு கேக்கத்தான் வந்தேன்."

"எங்கயும் போகல. அடுத்த வருஷ வரிய இந்த வருஷ வருமானம்னு காட்டக் கூடாது. அதனால முன்பணமா வாங்கி வைப்புக் கணக்குல போட்டு வைப்போம். ஏப்ரல் ஒண்ணாந்தேதி வந்தா, அந்த வருஷத்துப் பங்க மட்டும் எடுத்து வீட்டு வரிக்கு மாத்தணும். ஒரே ஒரு வவுச்சர். யாரு யாரு எவ்வளவுன்னு நீல அட்டை போட்ட நீள நோட்டுல எழுதி வச்சிருப்பேன். வருஷா வருஷம் நான்தான் மாத்துவேன்."

"நீங்க போனப்புறம்?"

"நோட்ட ஒப்படைச்சேன். வாங்குனவர் அடுத்த மாசமே மாத்தலாயிட்டாரு. கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் ஏத்துனாங்க. அந்த நோட்ட ஏத்துனாங்களான்னு நான் கேக்கல."

மூன்று ஏப்ரல் போய்விட்டது. மூன்று தடவையும் அந்த ஒரு வவுச்சரை யாரும் போடவில்லை. மூன்று வருஷமும் மதிப்பீட்டில் பள்ளிவாசல் தெரு இருந்தது, வரவில் இல்லை. முதல் இரண்டு வருஷம் சந்தை ஏலம் கூடுதலாகப் போனதால் பள்ளம் வெளியே தெரியவில்லை.

"ஒரு வார்த்த எங்க ஈ.ஓ. சுரேஷ்குமார் சார்கிட்ட போன்ல சொல்லுங்க சார். நாலு குடும்பம்."

"எம் பேர இழுக்காத. எனக்கு ரிடையர்மெண்டு பணம் இன்னும் பாதி வரணும். நோட்டு பீரோவுல இருக்கும், பொறப்பு எறப்பு ரிஜிஸ்டருக்கு அடியில. தேடி எடு. நான் சொல்றதவிட அது நல்லாச் சொல்லும்." கதவைச் சாத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே வீரமுத்து ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தான். ஒன்பதே காலுக்குச் சிவரஞ்சனி வந்தாள். மூன்று பேர் பார்க்க வேண்டிய கணக்கை ஒருத்தியாகப் பார்க்கிற பெண். கூட்டத்துக்கு வைக்க வேண்டிய தாள்களை இனிமேல்தான் அச்சடிக்க வேண்டும்.

"அண்ணே, இன்னிக்கா வரணும் நீங்க."

"இன்னிக்குத்தாம்மா. நாளைக்கு வந்து பிரயோஜனம் இல்ல."

அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் பீரோவைத் திறந்தாள். பிறப்பு இறப்பு ரிஜிஸ்டர்கள் இருந்தன. அதற்கு அடியில் வெறும் தகரம். இரண்டாவது பீரோ. பழைய டெண்டர், செத்த கரப்பான். மூன்றாவது பீரோவுக்குச் சாவியே இல்லை. மணி பத்தாகிவிட்டது. சிவரஞ்சனி நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பிரிண்ட் போட ஆரம்பித்தாள். "இல்லண்ணே. மன்னிச்சுக்குங்க."

வீரமுத்து தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கண் மேசைக்கு அடியில் போனது. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற யு.பி.எஸ். பெட்டி. மழைக்குத் தரை ஓதம் ஏறும் என்று அதை நாலைந்து பழைய நோட்டு மேல் தூக்கி வைத்திருந்தார்கள். கடைசி நோட்டு நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அட்டை நீலம்.

"அத எடுக்கணும்னா சிஸ்டம் ஆப் ஆயிரும்ணே. தாள் பாதிதான் வந்திருக்கு. திரும்பப் போட்டா இருபது நிமிஷம் ஆகும்."

"ஆப் பண்ண வேணாம்." வீரமுத்து மேசைக்கடியில் புகுந்து பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். பதினைந்து கிலோ இருக்கும். வயர் இழுபடாமல் அசையாமல் பிடிக்க வேண்டும். சிவரஞ்சனி மண்டியிட்டு நோட்டை உருவினாள். உருவிய இடத்தில் வேறு இரண்டு ரிஜிஸ்டரைத் திணிக்கிற வரைக்கும் அவன் அதை இறக்கவில்லை. மேலே பிரிண்டர் நிற்காமல் ஓடியது.

நோட்டில் நானூற்றுச் சொச்சம் பெயர்கள். பக்கத்துக்குப் பக்கம் அன்பழகனின் கையெழுத்து. இந்த வருஷத்துப் பங்கை அவள் கால்குலேட்டரில் போட, அவன் விரலை வைத்து வரி வரியாகச் சொல்லிக்கொண்டே போனான். பத்தே முக்காலுக்கு அவள் கை நின்றது. ஒன்பது லட்சத்து அறுபதாயிரம்.

சுரேஷ்குமார் உள்ளே நுழைந்தது அப்போதுதான்.

"எத்தன கட் பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல சார்."

அவர் வாயைத் திறப்பதற்குள் சிவரஞ்சனி நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தாள். மூன்று நிமிஷத்தில் விஷயத்தைச் சொன்னாள். சுரேஷ்குமார் நின்றபடியே புரட்டினார். முகம் வெளுத்தது. மன்ற அறையில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. கவுன்சிலர்கள் வந்துவிட்டார்கள்.

"இத இப்ப வெளிய எடுத்தா," என்றார் மெதுவாக, "மூணு வருஷமா இந்த ஆபீசுல ஒருத்தரும் ரெண்டு பத்தியையும் பக்கத்துல வச்சுப் பாக்கலன்னு ஆகும். நானும் அஞ்சு மாசமா உக்காந்திருக்கேன். விளக்கம் கேப்பாங்க." நோட்டை மூடினார். மூடிய அட்டை மேல் கை அப்படியே இருந்தது.

வீரமுத்து அந்தக் கையையே பார்த்தான். இந்தக் கை இந்த நோட்டை எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டால் அவ்வளவுதான். பத்தொன்பது வருஷம் ஒரு தீர்மானத்தில் போய்விடும்.

"சார், பைப்பு ஒடஞ்ச எடம் தெரிஞ்சுபோச்சு. அது மேல மண்ணத் தள்ளிட்டு வூட்டுக்குப் போனா, மறுநாளு அங்க லாரி எறங்கும். அன்னிக்கும் உங்களத்தான் கூப்புடுவாங்க."

சுரேஷ்குமார் அவனைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். "வவுச்சர் போடும்மா. இந்த வருஷப் பங்கு மட்டும். மத்த ரெண்டு வருஷத்துப் பங்கு அந்தந்த வருஷக் கணக்குக்குத்தான் போகும், இந்த வருஷ வருமானத்துல சேராது."

கூட்டம் பதினொன்றுக்கு ஆரம்பித்தது. வீரமுத்துவும் பூமாலையும் வெளியே தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றார்கள். உள்ளே யாரோ மேசையைத் தட்டினார்கள். யாரோ கத்தினார்கள். சிரிப்புச் சத்தம்கூட ஒரு தடவை வந்தது.

"நம்மள நெனச்சுத்தான் சிரிக்கிறானுவளா?" என்றான் பூமாலை.

"டீக்கு வடை வந்திருக்கும். சும்மா நில்லு."

பன்னிரண்டரைக்கு சுரேஷ்குமார் வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒன்பதே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வருமானம் ஏறியதில், பாதி சம்பளத்துக்கு ஆகும். நாலே முக்கால் லட்சத்துச் சொச்சம். ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். "மூணு பேரு இருக்கலாம். வீரமுத்து, நீ இருக்க. கடைசியா வந்தவன்தான் போகணும்."

பூமாலை தலையை ஆட்டினான். பீடிக் கட்டை எடுத்தான், பற்ற வைக்கவில்லை.

"இன்னும் எவ்வளவு சார் வரணும் இவனுக்கு?" என்று கேட்டான் வீரமுத்து.

"மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள ஒரு ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் வந்தா இவனும் இருக்கலாம். எங்கேர்ந்து வரும்?"

வீரமுத்து பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். காலையில் சிவரஞ்சனி அச்சடித்த முழுப் பாக்கிப் பட்டியல். அதில் ரோட்டோரத்துக் கல்யாண மண்டபம் இருந்தது. நாலு வருஷப் பாக்கி இரண்டு லட்சத்து நாற்பத்தாறாயிரம். அவனிடம் முதலில் கொடுத்த அறுபதில் அந்தப் பெயர் இல்லை. மண்டபம் துணைத் தலைவரின் மச்சினனுடையது.

"இதுக்கு ஆர்டர் குடுங்க சார்."

சுரேஷ்குமார் மன்ற அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "நான் சொன்னேன்னு அங்க போயிச் சொல்லாத."

"உங்க கையெழுத்துதான சார் இருக்கு."

மண்டபத்தில் மறுநாள் முகூர்த்தம். வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். வீரமுத்து வாசல் ஓரத்துக் குழி மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, உள்ளே கையை விட்டு ஸ்பேனரை நட்டில் மாட்டினான். பூமாலை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மண்டப மேனேஜர் ஜெயப்பிரகாஷ் ஓடி வந்தார்.

"யோவ், யாரு மண்டபம்னு தெரியுமா?"

"தெரியும்ங்க."

"வரியெல்லாம் எப்பவோ கட்டியாச்சு."

"கட்டியிருந்தா ரசீது இருக்கும்லங்க. பள்ளிவாசல் தெருவுல எல்லார்கிட்டயும் இருந்துச்சு. கொண்டாங்க, பாத்துட்டுப் போயிடறேன்."

ஜெயப்பிரகாஷ் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ரொம்ப நேரம் யாரிடமோ பேசினார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "சாயங்காலத்துக்குள்ள கட்டிடுறோம்னு சொல்றாரு. நீ போயிட்டு வா."

"இப்ப மணி ரெண்டு. அஞ்சு மணி வரைக்கும் கவுண்டர் தொறந்திருக்கும். நான் இங்கயே இருக்கேன்."

குழி ஓரத்தில் உட்கார்ந்தான். கை ஸ்பேனரை விடவில்லை. வெயில் தலையில் இறங்கியது. சமையல்காரர்கள் அவனைப் பார்ப்பதும் அண்டாவைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். மூன்றரைக்கு போன் அடித்தது. குல்சும்.

"ஏண்ணே, கனெக்ஷன்தான் கட் பண்ணலன்னாக. அப்பறம் தண்ணி எங்க? அசர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யக்கூடச் சொட்டு வரல. கஞ்சிக்குப் பழி வாங்குறீங்களா?"

காலையில் வால்வைத் திறக்கவே மறந்துவிட்டது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. "பூமாலை, ஓடு. பள்ளிவாசல் தெரு வால்வ நாலு சுத்து தொற. ஓடு."

பூமாலை சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான்.

நாலே முக்காலுக்கு மறுபடி போன். சிவரஞ்சனி. "மண்டபத்துக்காரங்க வந்து கட்டிட்டாங்கண்ணே. முழுசா."

"ரசீது போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"எந்தக் கணக்குலம்மா போட்டீங்க?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "வருமானத்துலதாண்ணே. வீட்டு வரி, பழைய பாக்கி. சாரும் பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான் போனாரு."

வீரமுத்து ஸ்பேனரை நட்டிலிருந்து எடுத்தான். உள்ளங்கையில் பிடியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. குழி மூடியை இழுத்து மூடிவிட்டு, பள்ளிவாசல் தெருவில் தண்ணீர் ஏறியதா என்று பார்க்க நடந்தான்.